அமெரிக்காவும் ஜெர்மனியும் பழவேற்காட்டில் படகேறியது

கடல் தாண்டிப் போய் வந்தவர்கள் பயணக் கட்டுரை எழுதுகிறார்கள். நான் தாண்டியது திருவள்ளூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவிலுள்ள ரோட்டை மட்டும்தான். ஆனாலும் என் பயணத்தில் அட்லாண்டிக் சமுத்திரம் இருந்தது. ஜீப்பின் பின் சீட்டில், இரண்டு துரைமார்களுக்கு நடுவே, அது வழி முழுக்க அலையடித்துக்கொண்டே வந்தது.

வியட்நாமில் சண்டை மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம். அமெரிக்கர்களும் ஜெர்மானியர்களும் உலகப் பிரச்சனைகளைப் பற்றி மனம்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும் என்று அந்த இரண்டு தேசத்துப் பெரிய மனிதர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்களாம். தங்கள் ஊரில் பேசிப் பேசிக் கேட்க ஆள் குறைந்துவிட்டதோ என்னவோ, ஒரு அமெரிக்கரையும் ஒரு ஜெர்மானியரையும் ஜோடி சேர்த்து இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அவர்கள் பேச்சை மொழிபெயர்க்க ஒரு கல்லூரி வாத்தியாரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அவருக்கு அம்மை போட்டிருந்தது. அடுத்தபடியாக இங்கிலீஷ் வாயுள்ள ஆள் யார் என்று விசாரித்ததில் ரயிலடிப் பத்திரிகைக் கடைக்காரனான நான் அகப்பட்டேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். விற்காமல் தங்கிப்போன இங்கிலீஷ் பத்திரிகைகளைத் திருப்பி அனுப்புவதற்குள் படித்துப் படித்துக் கற்றுக்கொண்ட பாஷை எனக்கு. அதனால் எதையும் ஒரு வாரம் பிந்தித்தான் தெரிந்துகொள்வேன். ஆனால் பேச அசரமாட்டேன். ஒரு மனுஷன் வாயிலிருந்து நல்லதாக ஒரு வரி விழும் என்றால் அதற்காக ஒரு மைல் நடப்பேன்.

முதல் நாள் காலையில் திருவள்ளூரில் வந்து இறங்கினார்கள். அமெரிக்கர் பெயர் கார்வின். ஐம்பது தாண்டியவர், குள்ளம், உருண்டை, சரித்திர வாத்தியார். ஜெர்மானியர் பெயர் லோரென்ஸ். நாற்பது வயது, பனைமர உயரம், ஏதோ ஒரு பத்திரிகையில் தலையங்கம் எழுதுகிறவர். எங்கள் ஜீப் டிரைவர் கன்னியப்பன் இரண்டு பேரையும் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நெட்டை, குட்டை. பேரு வேணாம் அண்ணாத்தே, இதுவே போதும்" என்று முடித்துவிட்டான்.

ஓட்டலில் நாஷ்டா. குட்டை துரை இட்லியைச் சர்க்கரையில் தொட்டுத் தின்றார். நெட்டை துரை இட்லியைப் பிட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, இது எப்படிப் புளிக்கிறது என்று என்னைக் கேட்டார். நான் சொன்னேன். அது அப்படி இருக்க முடியாது என்றார் குட்டை. உலகில் எல்லாம் அமெரிக்காவைக் கேட்டுத்தான் புளிக்க வேண்டுமா என்றார் நெட்டை. சட்னி வருவதற்குள் இது நடந்துவிட்டது.

பிறகு பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். மேடையில் அவர்களைப் பார்க்க வேண்டுமே. தோளில் கை போட்டுக்கொண்டு, "எங்களுக்குள் இருப்பது ஒரு குடும்பத்தின் ஒற்றுமை" என்றார்கள். நானும் அப்படியே தமிழில் சொன்னேன். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த கோயில் பட்டாச்சாரியார் ஒருவர் பக்கத்து ஆளிடம், "குடும்பம்கறா. அப்போ சண்டை இருக்கும்" என்று மெதுவாகச் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

ஜீப் கிளம்பியது. செங்குன்றம் தாண்டி சோழவரம் வந்தோம். அங்கே போன மகாயுத்தத்தின்போது விமானம் இறங்கப் போட்ட ஓடுபாதை இருக்கிறது. இப்போது அதில் மோட்டார் பந்தயம் விடுகிறார்கள். துரைமார்கள் இறங்கிப் பார்த்தார்கள். ஏரிக் காற்று நன்றாக வீசியது. அதுவரை உலகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த கார்வின் அங்கேதான் முதன்முறையாகத் தன்னைப் பற்றிப் பேசினார். அந்த யுத்தத்தில் அவர் சிப்பாய். லோரென்ஸின் தேசத்துக்கே போய்ச் சண்டை போட்டவர். "கூப்பிட்டார்கள், போனேன். என் மகனையும் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை" என்றார்.

மகனுக்கு இருபது வயது. வியட்நாம் போக ஆணை வந்ததும் எல்லை தாண்டிக் கனடாவுக்குப் போய்விட்டான். அதிலிருந்து அப்பாவும் பிள்ளையும் பேசுவதில்லை. இப்போது அம்மாக்காரி பிள்ளையைப் பார்க்கக் கனடா புறப்படுகிறாள். நீங்களும் வருகிறீர்களா, இல்லையா என்று இவரைக் கேட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை மெட்ராஸ் ஓட்டலுக்கு அவளிடமிருந்து போன் வரும். அதற்குள் இவர் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். இதை எல்லாம் யாரோ பக்கத்து வீட்டுக்காரர் விவகாரம் மாதிரி ஏரியைப் பார்த்தபடி சொன்னார்.

லோரென்ஸ் பேசாமல் இருந்திருக்கலாம். தலையங்கம் எழுதுகிறவருக்கு அது வருமா?

"உங்கள் மகன் செய்தது சரி" என்றார். "எனக்குப் பதினாறு வயதில் துப்பாக்கி கொடுத்தார்கள். என் அப்பா என்னைத் தட்டிக்கொடுத்து அனுப்பினார். ஓட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது."

"அவன் உங்கள் பிள்ளை இல்லை" என்றார் கார்வின். அதோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு மகனைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு ஈடுகட்ட மற்ற எல்லாவற்றையும் பற்றிச் சண்டை போட்டார்கள். பெர்லின் சுவரில் ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் கறுப்பர்களை நடத்துகிற விதம், ஜெர்மனியில் மாணவர்கள் கல்லெறிகிற விதம், யார் யாருக்குக் காவல், யார் யாருக்குக் கடமைப்பட்டவர்கள் என்று கவரைப்பேட்டை வரைக்கும் ஓடியது. அங்கே ஜீப் கொதித்து நின்றது. உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார் ஒருவர். ஊற்றினால் என்ஜின் வெடித்துவிடும், காத்திருக்க வேண்டும் என்றார் மற்றவர். கன்னியப்பன் பீடி பற்றவைத்துக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்தான்.

"இவுங்க பேசி முடிக்கிறதுக்குள்ள அதுவா ஆறிடும், உடு அண்ணாத்தே" என்றான். ஆறிவிட்டது.

கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வரப்போகிற இடத்தைக் காட்ட ஒரு அதிகாரி காத்திருந்தார். வேலிக்காத்தான் புதருக்கு நடுவே அங்கங்கே கல் நட்டிருந்தது. "இங்கே இரும்பு உருக்காலை, அங்கே ரசாயனம்" என்று வெறும் வெயிலைச் சுட்டிக்காட்டினார். மூன்று ஆடுகள் ரசாயனத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. தொழிற்சாலை வந்தால் ஜாதி போய்விடும் என்றார் கார்வின். தொழிற்சாலை வந்தும் எங்கள் ஊரில் எதுவும் போகவில்லை, புதிதாகத்தான் சில வந்தன என்றார் லோரென்ஸ். அதிகாரி என்னிடம், "ஏதாவது குறை சொல்றாங்களா?" என்று கவலையோடு கேட்டார். "உங்களை இல்லை சார்" என்றேன்.

அங்கே டீக்கடையில் நின்றோம். கடைக்காரர் நாயுடு ஆந்திர எல்லையோர மனுஷர், டீ ஆற்றிக்கொண்டே ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன் நைனா, ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?"

"இல்லீங்க. வேற வேற தேசம்."

"அப்ப இன்னாத்துக்குப் பாகம் பிரிக்கிற மாதிரி அடிச்சிக்கிறாங்க?"

எனக்கு அந்த வரி பிடித்துப்போய் இன்னொரு டீ குடித்தேன்.

இரண்டாம் நாள் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. ஊர் நுழையும்போதே கருவாட்டு வாசனை வந்து கைகுலுக்குகிறது. நெட்டை துரை மூக்கைப் பொத்திக்கொண்டார். குட்டை துரை பொத்தவில்லை. நெட்டை பொத்தியதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தோம். மண்டை ஓடு செதுக்கிய கல்லின் மேல் நாலு ஆடு படுத்திருந்தது. மீன் கூடையோடு போன கன்னியம்மா என்ற பெண்பிள்ளை நின்று, "இவுங்க தாத்தன் பாட்டனுங்களா உள்ள கீறது?" என்று கேட்டாள். இவர்களில்லை, இவர்களுக்கு அக்கம்பக்கம் என்றேன். "ஊரைச் சுத்தி இம்மாந்தூரம் வந்துமா பக்கத்து ஊட்டுக்காரனையே பாக்கறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றும் மறுநாளும் பயணிகள் பங்களாவில் தங்கல். மத்தியானம் கன்னியம்மா வீட்டிலிருந்து நண்டுக் குழம்பு வந்தது. நண்டை எப்படி உடைப்பது என்பதில் அட்லாண்டிக் மறுபடியும் பொங்கியது. மீன் ஏலக் கொட்டகையில், வலை உலர்த்துகிற இடத்தில், பீரங்கி மேடு என்று சொல்கிற மண்மேட்டில், எங்கே போனாலும் இவர்கள் கையை வீசிக் கத்துவதும், சாப்பாட்டு வேளையில் எதிரெதிரே உட்கார்ந்து முறைத்துக்கொள்வதும் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கார்வின் ராத்திரி சாப்பாட்டைத் தொடாமல் தள்ளிவைத்ததை நான் பார்த்தேன். "என்ன சொல்லப் போகிறீர்கள் உங்கள் வீட்டம்மாவிடம்?" என்று கேட்டேன். "இல்லை என்று சொல்லத்தான் எனக்குத் தெரியும். அதற்குப் பழகிவிட்டேன்" என்றார்.

நாலாம் நாள் ஏரியைக் கடந்து அக்கரைக் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். அதோடு சுற்றுப்பயணம் முடிகிறது. காலையில் படகுத்துறைக்குப் போனால், படகுக்காரர் கோதண்டம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"ஒருத்தர ஏத்திக்கிறேன். ரெண்டு பேர ஏத்த மாட்டேன்."

"எடை அதிகமா?"

"எடை இல்லீங்க. வழக்கு. மனஸ்தாபம் கீற ரெண்டு பேர எங்க ஊர்ல ஒரே படகுல ஏத்த மாட்டோம். பேசித் தீத்துட்டுத்தான் ஏத்தணும். ஏரி நடுவுல கைகலப்பு ஆனா நான் இவுங்களப் புடிக்கிறதா, படகு தள்ற கோலைப் புடிக்கிறதா?"

"ஐயா, இவுங்க பேசிக்கிட்டுத்தானே இருக்காங்க."

"அத்தப் பேச்சுன்னு நீ சொல்ற."

இன்னொரு படகு கேட்டேன். எல்லாம் மீன் தொழிலுக்குப் போய்விட்டன, உச்சிப்பொழுதுக்குத்தான் திரும்பும். துரைமார்களிடம் விஷயத்தைச் சொன்னேன். "நாங்கள் சண்டை போடவில்லை, இதற்குப் பெயர் உரையாடல் என்று சொல்லுங்கள்" என்றார் கார்வின். "இதற்காகத்தான் எங்களைச் செலவு செய்து அனுப்பியிருக்கிறார்கள்" என்றார் லோரென்ஸ். அதையும் தமிழில் சொன்னேன்.

"சண்டை போட டப்பு குடுத்து அனுப்புறாங்களா? நல்ல ஊரு" என்றார் கோதண்டம்.

வேறு வழியில்லை. பஞ்சாயத்துச் சொல்கிற ஊர்ப் பெரியதனம் தேசப்பனைக் கூட்டி வந்தார்கள். சட்டை போடாத, வெற்றிலை வாயுள்ள, அன்றைக்கு வேறு அவசர வேலை இருந்த மனுஷர். ஏலக் கொட்டகையில் பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். பெண்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஓரமாக உட்கார்ந்தார்கள். துரைமார்களுக்கு எதிரெதிரே இரண்டு மரப்பெட்டி.

"சீக்கிரம் சொல்லுங்க. இன்னா தகராறு?"

கார்வின் தொண்டையைச் செருமிக்கொண்டு வியட்நாமில் ஆரம்பித்தார். தேசப்பன் பாதியில் கை காட்டினார்.

"அந்த ஊரு எங்க கீது?"

"கிழக்கால. கடல் தாண்டி" என்றேன்.

"அந்த ஊர்க்காரன் யாரனா இங்க வந்துகீறானா?"

"இல்லை."

"அப்ப அத்த எடுக்க முடியாது. ரெண்டு தரப்பும் எதுக்க நின்னாத்தான் வழக்கு. அடுத்தது."

லோரென்ஸ் சுவரைப் பற்றிச் சொன்னார். ஊரை நடுவில் வெட்டிச் சுவர் எழுப்பிவிட்டார்கள் என்றதும் கூட்டத்தில் ஒரு 'த்சொ த்சொ' எழுந்தது. தேசப்பனும் வருத்தப்பட்டார். ஆனால் சட்டம் சட்டம்தான்.

"கட்டுனவன் வந்துகீறானா?"

"இல்லை."

"தள்ளு."

கறுப்பர் உரிமை தள்ளுபடி. மாணவர் கலகம் தள்ளுபடி. அணுகுண்டு என்றால் என்ன என்று விளக்க எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது, அதுவும் தள்ளுபடி. மூன்று நாளாக ஜீப்பை நிறைத்துக்கொண்டு வந்த உலகம் அந்தக் கொட்டகையில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரத்தில் காலியாகிவிட்டது.

"ஆக, இவரு வலைய அவரு அறுக்கல. அவரு படக இவரு ஓட்டிக்கினு போவல. அப்ப ஒருத்தருக்கு ஒருத்தர் இன்னாதான் பண்ணிக்கினீங்க?" என்றார் தேசப்பன்.

"ஊட்டு விஷயமா இருக்கும். வெளியில இவ்ளோ கத்துறவன் உள்ள எத்தையோ முழுங்கிக்கினு கீறான்" என்றாள் கன்னியம்மா ஓரத்திலிருந்து.

"நீ சும்மா இரு."

"இருந்துக்கினுதான் கீறேன்."

நான் இதை மொழிபெயர்த்தேனா என்று கேட்டால், மொழிபெயர்த்தேன். அதற்குத்தான் என்னை அழைத்திருந்தார்கள். கடைசியில் லோரென்ஸ்தான் எழுந்தார். உயரம் கூரையை இடித்தது. "நான் இவர் மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். நினைத்ததைத்தான் சொன்னேன். ஆனால் அது நான் சொல்ல வேண்டியதில்லை" என்றார்.

மகன் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். சண்டைக்குக் கூப்பிட்டார்கள், பையன் போகாமல் வேறு தேசத்துக்குப் போய்விட்டான், அவன் செய்தது தப்பு என்று அப்பா, சரி என்று இவர். கூட்டம் இரண்டாகப் பிரிந்து முணுமுணுத்தது. "போயிருக்கணும்" என்றார் ஒருவர். "போயி செத்தா யாரு அழுவுறது, நீயா?" என்றது ஒரு பெண் குரல். தேசப்பன் துண்டை உதறினார். அமைதி ஆனது. நல்லதாக ஒரு வரி சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். இந்த மாதிரி நேரத்தில் நல்ல வரி எதுவும் யாருக்கும் உதவுவதில்லை.

அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. பழைய கேள்வியையே கேட்டார்.

"மவன் வந்துகீறானா?"

"இல்லை."

"அப்ப இதுவும் எடுக்க முடியாது. கூட்டியாரச் சொல்லு."

நான் சொன்னேன். "அவன் வர முடியாது" என்றார் கார்வின். "எங்கள் தேசத்தில் கால் வைத்தால் பிடித்து ஜெயிலில் போடுவார்கள்."

தேசப்பனுக்கு இது புதிது இல்லை. "வர முடியாதவன் வழக்குன்னா ஊரு அவன் வாசலுக்குப் போவும். போன மாசம் கால் முறிஞ்சவன் ஒருத்தன் ஊட்டாண்டதான் கூட்டம் போட்டோம். இவர அங்க போவச் சொல்லு. அதுவரைக்கும் வழக்கு நிக்குது" என்று எழுந்துவிட்டார். அவருக்கு இறால் வியாபாரி காத்திருந்தான்.

வழக்கு நின்றால் ஒரே படகு கிடையாது. நல்லவேளை, அதற்குள் தொழிலுக்குப் போன படகு ஒன்று கரை திரும்பியிருந்தது. நெட்டையை அதில் ஏற்றினோம். குட்டையும் நானும் கோதண்டத்தின் படகில். தண்ணீர் இடுப்பளவுதான்; கோல் ஊன்றித் தள்ளினார்கள். கொஞ்ச தூரத்தில் செங்கால் நாரைகள் நின்றன. துரைமார்கள் சும்மா வருவார்களா? அந்தப் பஞ்சாயத்துக்கு அதிகார எல்லை உண்டா என்று படகுக்குப் படகு கத்த ஆரம்பித்தார்கள். உண்டு என்றார் ஒருவர். நடைமுறையைக் காட்டித் தப்பித்துக்கொண்டார்கள் என்றார் மற்றவர். நாரைகள் இடம் மாறி நின்றன.

பாதி ஏரியில் கார்வின் நிறுத்திவிட்டார். என் பக்கம் திரும்பி, "போகச் சொன்னாரே, அது தீர்ப்பா, யோசனையா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்லை சார். இங்கே வழக்கம் அதுதான்."

லோரென்ஸின் படகிலிருந்து ஒரு கேள்வி வந்தது. பதில் போகாததால் அதுவும் நின்றது.

அக்கரையில் தாரை தப்பட்டை, சாமந்தி மாலை. 'இன்றைய உலகமும் இளைஞரும்' என்று ஒரு துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். தலைமையாசிரியர் அரை மணி நேரம் வரவேற்றார். கார்வின் பையிலிருந்து தட்டச்சு செய்த காகிதங்களை எடுத்தார். பார்த்தார். மடித்து உள்ளே வைத்தார்.

"எனக்கு ஒரே ஒரு இளைஞனைத்தான் நன்றாகத் தெரியும். அவனிடம் நான் ஒரு வருஷமாக எதையும் கேட்கவில்லை. அடுத்த வாரம் போய்க் கேட்கப் போகிறேன். அதற்கு முன்னால் இந்தத் தலைப்பில் பேச எனக்கு யோக்கியதை இல்லை" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

நான் மொழிபெயர்க்க அதைவிடக் குறைவான நேரமே ஆனது. அந்தக் குப்பத்தில் அவ்வளவு சின்னப் பேச்சை யாரும் கேட்டதில்லை போல. கைதட்டல் அடங்கவேயில்லை. மைக்கில் அடுத்தது லோரென்ஸ். நான் தண்ணீர் குடித்துத் தயாரானேன். அவர் கார்வினைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"முன்னால் பேசியவர் சொன்னதோடு நான் உடன்படுகிறேன்" என்றார்.

அவ்வளவுதான். ஜெர்மனியும் அமெரிக்காவும் என் காது கேட்க ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில். மேடையில் தோளில் கை போட்டுக்கொள்ளவும் இல்லை.

சாயங்காலம் இரண்டு பேரும் ஒரு தென்னங்குரும்பையை வைத்து ஏதோ விவாதித்துச் சிரித்துக்கொண்டே துறைக்கு வந்தார்கள். நேராகக் கோதண்டத்தின் படகில் ஏறப் போனார்கள். கோதண்டம் கோலைக் குறுக்கே நீட்டினார்.

"ராசியாயிட்டாங்க போலிருக்கே ஐயா" என்றேன்.

"ஆவட்டும். சந்தோஷம். ஆனா குட்டை தொரை அந்தப் புள்ள வாசலுக்கு இன்னும் போவலியே" என்றார். "வழக்கு நிக்குது. நெட்டைய அந்தப் படகுல ஏறச் சொல்லு."